நாலாவது ஆள்

படம் எடுத்து முடித்த பிறகும் செழியனின் தோளில் கிடந்த கை விலகவில்லை.

திரும்பிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. அந்த மனிதனைக் கூப்பிட்டு நிற்க வைத்ததே இவர்கள்தான். செழியன், பிராங்க்ளின், சிவபிரகாஷ் மூவருக்கும் ஊர் திண்டுக்கல் பக்கம். மலேசியாவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. தொண்ணூற்று நான்கில் வந்த செழியன் இந்த வியாழக்கிழமை ஊர் திரும்புகிறான். அவனை வழியனுப்பத்தான், சனிக்கிழமை இரவு வேலை முடிந்த கையோடு, தூங்காமல் வேன் பிடித்து இந்தத் தேயிலை மலைக்கு வந்தார்கள். ரோலில் ஒரே படம்தான் மிச்சம் இருந்தது. டிரைவர் கேமராவைக் கையில் வாங்கியதும் சிவபிரகாஷ் தள்ளி நின்றுகொண்டான்.

"மூணு பேரா நிக்கக் கூடாதுப்பா. ஒருத்தன் போயிருவான்."

பனிக்குள் வேலிக் கம்பியோரம் ஒருவன் தனியாக நின்றிருந்தான். பிராங்க்ளின் கைகாட்டி அழைத்தான். அவன் உடனே வந்தான், அழைப்புக்காகவே காத்திருந்தவன்போல.

படத்துக்குப் பிறகும் அவன் கூடவே நடந்தான். மேட்டின்மேல் இருந்த தேநீர்க் கடையின் தகரக் கூரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கும் பாலின் வாசனைக்கு அடியில் ஈரச் சாக்கும் துருவும் பாசியும் கலந்த வாடை ஒன்று வந்தது, அது அந்த மனிதனின் சட்டையிலிருந்து வருகிறதா, பள்ளத்திலிருந்து ஏறி வருகிறதா என்று செழியனால் பிரித்தறிய முடியவில்லை. கண்கள் எரிந்தன. முழங்கால்கள் இரவெல்லாம் இயந்திரத்தருகே நின்ற கடுப்பில் இருந்தன. நான்கு கிளாஸ் வந்தது. நான்கு யார் சொன்னது? தானே சொல்லியிருக்கலாம். தூக்கமில்லாத நாட்களில் அவனுக்கு இப்படி மறதி உண்டு.

சிவபிரகாஷ் தன் மேஸ்திரியைப்போல நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதனும் சிரித்தான், சரியான இடத்தில். பிறகு பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. செழியன் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசத் தொடங்கினான். முதல் சொற்கள் கரகரத்தன, வெகுநாள் திறக்காத கதவுபோல. போகப்போகச் சீரானது.

"போட்டோவுலதான் பாத்திருக்கேன். மூணரை வயசாச்சு இளவேனிலுக்கு. என்னையக் கண்டா அழுவாளோ என்னமோ."

செழியன் இதை யாரிடமும் சொன்னதில்லை. சின்னாளப்பட்டியில் அவன் முகம் தெரியாமல் வளரும் மகளைப் பற்றிய இந்தப் பயத்தை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பிராங்க்ளின் அந்த மனிதனின் முதுகில் தட்டினான். "அழுதா என்ன அப்பு? செத்த நேரத்துல பழகிக்கிருவா."

தனக்குத்தான் ஏதோ விட்டுப்போய்விட்டதா? நடுவில் தூங்கிவிட்டோமா? செழியன் கிளாஸை எடுக்கக் கை நீட்டினான். ஆவி பறந்துகொண்டிருந்த அந்தக் கிளாஸைக் கடைக்காரர் எடுத்துக் கவிழ்த்துக் கழுவினார். அவனைப் பார்க்கவே இல்லை.

மூவரும் எழுந்தார்கள். மூவர்.

செழியன் அவர்கள் பின்னால் ஓடினான். சரிவில் பனி அடர்ந்திருந்தது. வேனின் உறுமல் கேட்டது.

"ஏலே பிராங்க்ளின்."

அவன் குரல்தான். ஆனால் கரகரத்தது.

பிராங்க்ளின் திரும்பினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். முகத்தில் எரிச்சல் இல்லை. வெளியூரில் தமிழ்க்குரல் கேட்ட ஆச்சரியம் மட்டும்.

"என்ன வேணும்ணே? வழி தெரியலையா?"

"நான் செழியன்டா."

பிராங்க்ளின் வேனுக்குள் பார்த்தான். சன்னலோர இருக்கையில் செழியன் போட்டு வந்த நீலக் கம்பளிச் சட்டை. அதற்கு மேலே ஒரு முகம். செழியன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். ஈரத் துணி. பாசி வாடை.

"ஆளு சரியா இருக்கா?" டிரைவர் கேட்டார்.

"மூணு பேரும் ஏறியாச்சு."

கதவு மூடியது. செழியன் கண்ணாடியை அறைந்தான். உள்ளே இருந்தவன் கையசைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மிக நீண்ட காலம் நின்று, கடைசியில் உட்காரக் கிடைத்தவனின் முகம். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். வியாழக்கிழமை அவன் இளவேனிலைத் தூக்குவான்.

சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்தன. செழியன் தொடர்ந்து ஓடினான். எவ்வளவு ஓடியும் வேலிக் கம்பி பக்கத்திலேயே இருந்தது.

பனி சற்று விலகியது.

வேலி நெடுகிலும் ஆட்கள். கைக்கெட்டும் இடைவெளியில், சாலையைப் பார்த்தபடி. ஈர உடைகள். ஓரிடத்தில் மட்டும் ஆள் இல்லை. அங்கே புல் முளைக்காத மண்ணில் இரண்டு காலடிப் பள்ளங்கள். பக்கத்தில் நின்றவன் செழியனைப் பார்க்காமலே சற்று ஒதுங்கி இடம் விட்டான்.

கால்கள் பள்ளத்தில் பொருந்தின.

கீழே ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்தது. வரிசை முழுவதும் உதடுகள் அசைந்தன, இறங்குபவர்களை ஒவ்வொருவராக எண்ணின.

செழியனும் எண்ணினான்.