சத்தம் வருது, வண்டி வரல

பெனோவை மருத மரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். நெல் லாரியிலிருந்து எடுத்த சாக்கு ஒன்று அவனுக்குக் கீழே விரிந்திருந்தது. இன்னொன்று அவன் முகத்தை மூடியிருந்தது.

சனிக்கிழமை, பிற்பகல். வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே வயல்களை ஒட்டிப் போகும் சாலை. சப்-இன்ஸ்பெக்டர் கலையரசி ஜீப்பிலிருந்து இறங்கியபோது சிவப்புக் காரின் வலது பாதி மரத்தோடு மரமாகப் போயிருந்தது. இடது பாதியில் ஒரு கீறல் இல்லை. பின்சீட்டில் பனையோலையில் முடைந்த பட்டை நிறைய நுங்கு இருந்தது.

இறந்தவன் பாளையங்கோட்டைக்காரன். வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையில் பொறியாளர். பாபநாசம் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். டர்போ பொருத்திய கார். கூடுதல் வேகத்துக்காக அதன் இன்ஜினை மாற்றி அமைத்திருந்தான் என்பதைத் தலைமைக் காவலர் அதற்குள் விசாரித்து வைத்திருந்தார்.

நெல் லாரியை ஓட்டிவந்த சங்கிலிபூதத்தான் வாய்க்கால் திட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேகத்துல வந்தான்?" என்று கேட்டார் கலையரசி.

"நல்ல வேகந்தான்மா. எனக்குப் பின்னால ஒரு டிராக்டரு, ஒரு பால் வண்டி. ரெண்டையும் சடசடன்னு தாண்டிட்டான். கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"என் கேபினுக்கு நேரா வந்துட்டான். எதுத்தாப்புல பஸ்ஸு வருது. எப்படியும் போயிருவான்னுதான் நெனச்சேன். அப்படியே தொய்ஞ்சு போச்சும்மா. சத்தம் வருது, வண்டி வரல."

"பிரேக் போட்டானோ?"

"பிரேக் போட்டா சத்தம் அடங்கும்லா. இது இரையுது, நகரல. நான் பிரேக்க அமுக்குனேன், முன்னால நுழையட்டும்னு. அதுக்குள்ள பஸ்ஸு கிட்ட வந்துட்டு. வலப்பக்கமா ஒடிச்சிட்டான். பஸ்ஸு நெறைய ஆளு. அதப் பாத்துத்தான் ஒடிச்சிருப்பான்."

கலையரசி மரத்தைப் பார்த்தார். பேருந்தின் கண்ணாடிகூட உடையவில்லை.

ஞாயிறு, மாலை. அடக்கம் முடிந்த வீட்டில் நாற்காலிகள் இன்னும் தெருவில் கிடந்தன. பெனோவின் அப்பா வேதமுத்து, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் புகாரைச் சொன்னார். மேலப்பாளையத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பீர் முகம்மதுதான் வண்டியைத் தொட்டுக் கெடுத்தவன். போன வாரம்கூட வண்டி அவன் ஷெட்டில்தான் நின்றது. மகனுக்கும் அவனுக்கும் அங்கே வைத்து வாக்குவாதம் நடந்தது. மகனைக் கொன்றவன் அவன்தான். சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. கண்கள் மட்டும் வாசல் கேட்டைவிட்டு நகரவில்லை.

பெனோவின் மனைவி பிரிஸில்லா தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மிஷின்மேல், சர்ச்சில் ஊர்கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குப் பாடகர் குழுவுக்காகத் தைத்துக்கொண்டிருந்த வெள்ளை அங்கிகள் மடித்துக் கிடந்தன. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மருமகள் எவ்வளவோ மன்றாடினாள் என்றார் வேதமுத்து. உபவாசம் இருந்தாள். சாவியை ஒளித்து வைத்தாள். அழுதாள். எதற்கும் அவன் மசியவில்லை.

பிரிஸில்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரொம்ப வேகமாப் போனாவளா?"

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கலையரசி அதைச் சொன்னார். "இல்லம்மா. கடைசியில வேகமே இல்லையாம். வண்டி இழுக்கலன்னு லாரிக்காரர் சொல்லுதார்."

பிரிஸில்லா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு குழந்தையை எடுத்து மாமனார் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் குளியலறையில் குழாய் திறந்தே இருந்தது.

திங்கள், காலை. பீர் முகம்மது காவல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை. வண்டியைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் குறையில்லை என்று சொல்லியிருந்தார். மேலதிகாரியோ, வண்டியை மாற்றி அமைத்தவன் கையில் இருக்கும்போது இன்னும் என்ன யோசனை என்று கேட்டிருந்தார். அன்றைக்கே ரிமாண்டுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு.

"என்னென்ன செஞ்ச?"

"பெரிய இன்டர்கூலர் மாட்டுனேன். வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்ல அமைப்ப மாத்தி டர்போவோட அழுத்தத்த ஏத்துனேன். அது நெசம்."

"வாக்குவாதம் எதுக்கு?"

"காத்து சூடானா கம்ப்யூட்டரு தானாவே பவரக் குறைக்கும். அந்த ஏற்பாட்டையே எடுத்துரச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். அது இருந்தாத்தான் இன்ஜின் பொழைக்கும்."

கலையரசி இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுக் காவல்துறைத் தேர்வு எழுதியவர். பீர் முகம்மது சொன்னது அவருக்குப் புரிந்தது. டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அழுத்தப்பட்ட காற்று கொதிக்கும். அதை ஆற்றி அனுப்பத்தான் காரின் மூக்கில் இன்டர்கூலர் இருக்கிறது. வெளிக்காற்று அதன் தகடுகளுக்குள் புகுந்து வந்துகொண்டிருக்கும்வரை அது ஆற்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

அவர் யோசித்தார். ஒருநாள் பெனோ வீட்டு வாசலில் வைத்து விளக்கிச் சொன்னாராம். அப்பா, மனைவி, பெனோவின் கூட்டாளிகள் இரண்டு பேர், எல்லாரும் நின்றார்கள். அவர்கள் பயந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு அளவுக்கு மேல் காற்று சூடானால் வண்டி தானாகவே அடங்கிவிடும் என்று தைரியம் சொன்னார். பம்பர் வலைக்குள் விரலை நீட்டி, மேலே இருப்பது ரேடியேட்டர், கீழே இருப்பது இன்டர்கூலர் என்று காட்டினார்.

கலையரசி எழுந்து பின்கட்டுக்குப் போனார். நொறுங்கிய கார் வேப்ப மரத்தடியில் நின்றது. சத்தம் வருது, வண்டி வரல. பெட்ரோல் வரும் வழி அடைத்திருந்தால் வண்டி வெட்டி வெட்டி இழுத்திருக்கும். இன்ஜின் உடைந்திருந்தால் சத்தம் மாறியிருக்கும். தொய்ந்துபோவது கம்ப்யூட்டரின் வேலை. அப்படியானால் காற்று சூடாகியிருக்க வேண்டும். மலை ஏறும்போது, ஊர்ந்து போகும் வண்டிக்குள் காற்று புகாமல் சூடேறலாம். இவன் சமவெளியில் விரைந்து வந்தவன். எதிர்க்காற்று முகத்தில் அறைந்திருக்கும். பிறகு எப்படிச் சூடேறும்?

மண்டியிட்டு, சேதமில்லாத இடது பக்கத்தில், பம்பர் வலைக்குப் பின்னால் கையை விட்டார். தகடு கையில் படவில்லை. வழுவழுவென்று ஏதோ தடுத்தது.

கறுப்புத் துணி. மழைக்கோட்டுத் துணி. வலது பக்கம் இடியில் கிழிந்து போயிருந்தது. இடது பக்கத்து இரு மூலைகளையும் நாடாவால் வலையோடு கட்டிய கட்டு அவிழாமல் இருந்தது. அடித்தட்டின் உறை கிழிந்து தொங்குவதாக எண்ணி எல்லாரும் விட்டிருந்தார்கள்.

தலைமைக் காவலர் பெருமூச்சு விட்டார். "கேஸு முடிஞ்சிட்டும்மா. ஷெட்டுல நிக்கும்போதுதான் கட்டியிருக்கான்."

"அவனுக்குத் துணி எதுக்கு?" என்றார் கலையரசி. "கம்ப்யூட்டர்ல ஒரு எண்ண மாத்துனாப் போதும். யாருக்கும் தெரியாது."

துணியைப் பிரித்து வெயிலில் பிடித்தார். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். இரண்டு முறை தடவினார். ஓரம் இரட்டையாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. தையல் நேராக, நெருக்கமாக, எங்கும் விலகாமல் ஓடியது. நாடா தைத்த மூலைகளில் பிய்ந்துவிடாதபடி உள்ளே ஒட்டுத்துணி வைத்திருந்தது. இன்டர்கூலரின் அளவுக்கு மட்டும் வெட்டியது. மேலே இருந்த ரேடியேட்டரை அது கொஞ்சமும் மறைக்கவில்லை.

தையல் மிஷின்மேல் மடித்துக் கிடந்த வெள்ளை அங்கிகள் அவர் நினைவுக்கு வந்தன. அந்தத் துணியை அங்கேயே வேப்பஞ்சருகோடு போட்டு எரித்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் உள்ளே பீர் முகம்மது இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

ரிமாண்டை ஒருநாள் தள்ளிவைக்க அவர் மேலதிகாரியிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

செவ்வாய், காலை. வேதமுத்து ஒற்றை நாற்காலியில் இருந்தார். குழந்தை அவர் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தது. கலையரசி துணியைத் தையல் மிஷின்மேல் வைத்தார். பிரிஸில்லா அதைத் தொடவில்லை.

"கெடுக்கணும்னு நெனைக்கிறவன் ஓரம் அடிக்க மாட்டான்மா," என்றார் கலையரசி. "ஒரு சாக்கக் கிழிச்சுச் சொருகிட்டுப் போயிருப்பான். இதத் தச்சவங்களுக்கு ஒரு நூலு பிரிஞ்சு உள்ள போயி வண்டியக் கெடுத்துரக் கூடாதுன்னு கவலை இருந்திருக்கு. ரேடியேட்டர மூடுனா இன்ஜின் கெட்டுரும்னு அதையும் விட்டுவச்சிருக்காங்க. வேகம் மட்டும் கொறையணும். வேற எதுவும் ஆயிரக் கூடாது."

வேதமுத்து நிமிர்ந்தார். "என்ன சொல்லுதிய?"

பிரிஸில்லாவே மாமனார் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் மாமா கட்டுனேன்."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். போன மாதம் பெனோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணிமுத்தாறு சாலையில் பறந்தான். குழந்தை கைதட்டிச் சிரித்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. அவன் பைக் ஓட்டிய காலத்து மழைக்கோட்டை வெட்டினாள். ஷெட்டிலிருந்து வண்டி வந்த மறுநாள், அவன் சாப்பிட்டுத் தூங்கிய பகலில் கட்டினாள்.

"ஊருக்குள்ள ஓட்டும்போது ஒண்ணும் தெரியல. வண்டி கொஞ்சம் மந்தமா இருக்குன்னு சொன்னாவ. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு மாமா. சாயங்காலம் அவுகளுக்குப் பிடிச்ச ஆப்பம் சுட்டேன்."

லாரிக்கு முந்திய இரண்டு வண்டிகளை மட்டும் எப்படித் தாண்டினாவ என்று, ஊரார் சொன்னதை வைத்து அவள் கலையரசியிடம் கேட்டாள். தெரிந்தே ஆக வேண்டும் என்பதுபோல் நின்றாள். கலையரசி சொன்னார். இன்டர்கூலரின் உலோகம் கொஞ்ச நேரம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். டிராக்டரைத் தாண்டிய சூடு அதில் ஏறியது. பால் வண்டியைத் தாண்டிய சூடும் ஏறியது. காற்று வந்தால்தான் அது வெளியே போகும். துணி காற்றை மறித்தது. மூன்றாவது முறை வாங்கிக்கொள்ள இடமில்லை. கம்ப்யூட்டர் பவரைக் குறைத்தது. அப்போது அவன் லாரிக்குப் பக்கத்தில் இருந்தான்.

"வேகம் போனா உயிரு மிஞ்சும்னு நெனச்சேன்," என்றாள் பிரிஸில்லா. "வேகமே இல்லன்னு நீங்க அன்னைக்குச் சொன்னியல்லா, அப்பவே தெரிஞ்சிட்டு. அந்த அண்ணன உள்ள வச்சிருக்காங்கன்னும் தெரியும். மாமா முகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? ரெண்டு நாளா வாய் வரல."

வேதமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். துணியை எடுத்தார். தையலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கலையரசியிடம்தான் கேட்டார்.

"அந்தப் பையன விட்டுருவியளா?"

"இன்னைக்கே விட்டுருவோம் ஐயா. வீட்டுக்கு நானே கொண்டுபோயி விடுதேன்."

"இவள?"

கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவில் வழக்கு வரும், ஜாமீன் கிடைக்கும், ஆனால் இப்போது நிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்றார் கலையரசி.

பிரிஸில்லா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வெளியே போனாள். குழந்தை பின்னாலேயே தத்தித் தத்திப் போய் அவள் சேலையைப் பிடித்தது. அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தூக்காமல், ஜீப்பில் ஏறினாள். தன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேதமுத்து உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கதவைப் பூட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் பின்புறம் அவளுக்குப் பக்கத்தில் ஏறினார்.

"நீங்க எதுக்கு மாமா?"

"ஒன்னைய எப்படிட்டி தனியா அனுப்ப?" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் அவர் இல்லை.

ஜீப் கிளம்பியது. தெரு முனை தாண்டும்போது குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிணுங்கியது. கண்ணாடி வழியாகக் கலையரசி பார்த்தார். பிரிஸில்லா கைகளை வெளியே எடுக்கவில்லை. வேதமுத்து கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு குழந்தையை அவள் பக்கமாக நீட்டினார்.

"வாங்கிக்கோ," என்றார். "பிள்ள அழுதுல்லா."