கம்பெனி ஃபிட்டிங்கில் ஒரு கொலை!

செல்போன் அலறியது.

பிரீத்திகா ஒரு பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏனுங்க, பிரீத்திகாங்களா? இன்ஸ்பெக்டர் மெர்சி பேசறேன். ஆனைகட்டி ரோட்ல இருந்து. வெங்கடபதியைத் தெரியுங்களா?"

"நல்லாத் தெரியுங்க. அவரு பிக்கப்பை நாந்தானுங்க உசத்திக் கட்டிக் குடுத்தேன்."

"அந்தப் பிக்கப் இப்ப பள்ளத்துல தலைகீழா கிடக்குது..."

"ஐயோ! அண்ணனுக்கு என்னாச்சுங்க?"

"போய்ட்டாருங்க."

பிரீத்திகாவின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி அவள் நெஞ்சிலேயே விழுந்தது. வலிக்கவில்லை.

"ஒடனே வாங்க. பிரேக் அறுந்து கிடக்குது. நீங்க போட்ட பிரேக்!"

லைன் கட்.

உக்கடம் குளத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒர்க்‌ஷாப்பை, கோவையில் வண்டிப் பைத்தியம் பிடித்த அத்தனை பேருக்கும் தெரியும். ஷோரூமில் சாதாரண பிக்கப் ஒன்றை வாங்கி பிரீத்திகாவிடம் விட்டால் போதும். ஸ்பிரிங் மாற்றி, வண்டியைத் தூக்கி, பெரிய டயர் போட்டு, காட்டிலும் மேட்டிலும் ஏறுகிற மாதிரி திருப்பித் தருவாள். கூட வேலை செய்ய அவள் கணவன் யஷ்வந்த். வேறு ஆள் கிடையாது.

அந்த யஷ்வந்த் டீ டம்ளருடன் ஓடி வந்தான்.

"யாரு அம்மணி போன்ல?"

"வெங்கடபதி அண்ணன் போய்ட்டாருங்க... நம்ம கட்டுன வண்டிலதானுங்க!"

யஷ்வந்த் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அழுவாத. நான் இருக்கறேன்ல."

அந்தத் தோள் அவளுக்கு அப்போது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவனை ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

ஆனைகட்டி மலைப்பாதை.

சாலையோரம் கூட்டம். வெங்கடபதியை ஆம்புலன்ஸில் ஏற்றியாயிற்று. வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிந்தது. பிரீத்திகா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய இடத்தில் பத்மாவதி நின்றாள். வெங்கடபதியின் மனைவி.

"வந்துட்டியா? கம்பெனி வண்டியே வாங்குங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'பிரீத்திகா கட்டுனா மலையே ஏறும்'னாரு. ஏறுச்சு... எறங்கலையேடி!"

பிரீத்திகாவுக்குக் கண்ணீர் பொங்கியது. தங்கச்சி தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர்!

"அழுகையெல்லாம் அப்பறம். இங்க வாங்க." கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த மெர்சி கூப்பிட்டாள். வாயில் ஏலக்காய் உருண்டது. "இதானே உங்க கைவேலை?"

பிரீத்திகா குனிந்தாள். முன் சக்கரங்கள் இரண்டிலும், பிரேக் ஆயில் போகும் ஹோஸ் குழாய் அறுந்து தொங்கியது. கறுப்பு ரப்பர். குட்டை!

"மேடம்... இது நான் போட்டது இல்லீங்க!"

"எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க."

"கேளுங்க மேடம். வண்டிய உசத்துனா, குழியில எறங்கறப்ப சக்கரம் கீழ தொங்கும். சாதா வண்டில வர்ற ஹோஸ் அந்த அளவுக்கு எட்டாது. இழுத்து இழுத்து ஒரு நாள் அறுந்துபோகும். ஆயில் பூரா வடிஞ்சுரும். பெடல் சும்மா உள்ள போகும். அதுக்குத்தான் ஸ்டீல் கம்பி பின்னுன நீள ஹோஸ் போடுவேன். அண்ணனுக்கும் அதான் போட்டேன். யாரோ அதைக் கழட்டிட்டு இந்தக் கட்டை ஹோஸை மாட்டியிருக்காங்க!"

"யாரோன்னா யாருங்க?"

"தெரியலீங்களே..."

"ஒண்ணு, நீங்க மறந்திருக்கோணும். இல்லைன்னா, நீங்க கொன்னிருக்கோணும். எதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்போடுங்க. நான் எஃப்.ஐ.ஆர். எழுதோணும்."

அப்போது பளபளவென்று ஒரு வெள்ளை பிக்கப் வந்து நின்றது. கம்பெனியே கட்டி அனுப்பும் ஆஃப்-ரோடு மாடல். இறங்கியவன் சசிதர். மில்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவினாசி ரோட்டில் ஷோரூம். கல்லூரியில் பிரீத்திகாவோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன்.

"அப்பவே சொன்னேன் பிரீத்தி. கம்பெனில நூறு இன்ஜினியர் உக்காந்து யோசிச்சு, பாலைவனத்துல ஓட்டிப் பாத்துக் கட்டுற வண்டி இது. ஒண்ணைத் தூக்குனா இன்னொண்ணு எட்டாதுன்னு அவங்களுக்குத் தெரியும். நீ ஒரு ஜாக்கியை வெச்சுக்கிட்டு..."

"அந்த நூறு பேர்ல ஒருத்தராச்சும் அண்ணனோட தோப்புப் பாதையைப் பாத்திருக்காங்களா சசி? நான் நடந்தே போய்ப் பாத்துட்டுத்தான் கட்டுனேன்."

"பாத்து என்ன பிரயோசனம்? ஆளு இல்லையே!" சசிதர் மெர்சி பக்கம் திரும்பினான். "மேடம், இவளை நான் பல தடவை எச்சரிச்சேன். வேணும்னா எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

அடப்பாவி! பிரீத்திகா அவனையே பார்த்தாள். அவன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்தான்.

*

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்ச்.

யஷ்வந்த் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒத்துக்க அம்மணி. மறந்து பழசையே மாட்டிட்டேன்னு சொல்லு. கவனக்குறைவுன்னா ஜாமீன் கிடைச்சுரும்."

"நான் மறக்கலைங்க."

"எனக்குத் தெரியாதா? போலீஸ் நம்போணுமல்ல?"

"ஒத்துக்கிட்டா அப்பறம் எவருங்க நம்மகிட்ட வண்டிய விடுவாங்க? இதுவரைக்கும் நான் கட்டுன அத்தனை வண்டியையும் எமன்னு சொல்லுவாங்க. என் பேரே போயிருமுங்க!"

"பேரா முக்கியம்? நீதான் எனக்கு முக்கியம்."

அவள் கண் கலங்கியது. உலகமே கைவிட்டாலும் இந்த ஒரு மனுஷன் போதும் என்று தோன்றியது. அவன் வக்கீலைப் பார்க்கக் கிளம்பிப் போனான்.

அவன் போனதும் மெர்சி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு சங்கதிங்க. நேத்து வெங்கடபதி போன்ல சசிதரைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்காரு. பத்மாவதியம்மா சொன்னாங்க. 'நீ விக்கறது கம்பெனி கட்டுன வண்டியே இல்ல, உன் ஷெட்ல கட்டுனது, ஊருக்கே சொல்லிப்போடுவேன்'னு!"

பிரீத்திகா விருட்டென்று எழுந்தாள்.

"மேடம்! என்னைய அந்த ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவன் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தா நான் சொல்லிப்போடுவேன்."

"தப்பிச்சு ஓடற ஐடியாவா?"

"பிக்கப்புக்கு அடியில படுத்துக்கிட்டு எங்கீங்க ஓடறது?"

மெர்சி ஜீப் சாவியை எடுத்தாள்.

*

ஷோரூம் ஏ.சி.யிலும் சசிதருக்கு வேர்த்தது.

"எல்லாம் கம்பெனி ஃபிட்டிங் மேடம். ஒரு நட்டைக்கூட நாங்க தொடலீங்க."

டெலிவரிக்கு மாலை போட்டு நின்ற பிக்கப்புக்கு அடியில் பிரீத்திகா புகுந்தாள். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது.

"ஃப்ரேம்ல வெல்டிங் வெச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்குது... ஸ்பிரிங் வெளி மார்க்கெட் சரக்கு... மேடம், இது சாதா பிக்கப்புங்க! உசத்திப்போட்டு, ஆஃப்-ரோடு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாத்தறான்!"

மெர்சி சசிதரைப் பார்த்தாள். சசிதர் தரையைப் பார்த்தான்.

"அட... இங்க பாருங்க! இந்த வலது சக்கரத்து ஹோஸ் என்னோடது! வெங்கடபதி அண்ணனுக்கு நான் போட்டது!"

"எப்படிங்க சொல்றீங்க?"

"நட்டை முறுக்குன ஒடனே, நட்டுக்கும் ஹோஸ் முனைக்கும் சேத்து நெயில் பாலிஷ்ல கோடு போடுவோம். லூசானா கோடு விலகிக் காட்டிக்குடுத்துரும். காந்திபுரத்துல வாங்கற வயலெட் பாலிஷ். எங்க ஒர்க்‌ஷாப்ல மட்டுந்தானுங்க இந்தப் பழக்கம். முனையில என் பழைய கோடு பாதி ஒட்டிக்கிட்டு இருக்குது. என் ஹோஸ் காணாமப் போனது அண்ணன் வண்டில மட்டுந்தானுங்க."

"போதுமுங்க. சசிதர் சார், கிளம்பலாங்களா?"

சசிதர் அலறினான். "மேடம்! வண்டியை ஏமாத்தி வித்தேன். ஒத்துக்கறேன். ஆளைக் கொல்லலீங்க! ஹோஸ் கதையே எனக்குத் தெரியாது!"

"ஷெட்ல யாரு இதைக் கட்டுனது?"

"லாயர் வராம வாயத் தொறக்க மாட்டேன்!"

பிரீத்திகா குதித்து எழுந்திருக்க வேண்டும். பழி தீர்ந்தது அல்லவா? ஆனால் வண்டிக்கு அடியிலிருந்து அவள் வெளியே வரவே இல்லை. டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

பாதிக் கோட்டுக்குப் பக்கத்தில், நட்டின் மேல், புதிதாய்ப் போட்ட அடையாளம். அதே வயலெட்.

ஒரு கோடு இல்லை. இரண்டு!

அவள் மெதுவாக வெளியே வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"மேடம்... இவன் கொல்லலீங்க."

"பின்ன யாருங்க?"

"நான் ஒரு கோடுதான் போடுவேன். ரெண்டு கோடு போடற ஆளு உலகத்துலயே ஒருத்தருதானுங்க... போன வாரம் நான் அந்தியூருக்கு டெலிவரி குடுக்கப் போயிருந்தப்ப, அண்ணன் வண்டி கிரீஸ் அடிக்க வந்துச்சு. ஒர்க்‌ஷாப்ல எங்க வீட்டுக்காரரு மட்டும்..."

டார்ச்சை அணைத்தாள்.

மெர்சி ஏலக்காயை மெல்லுவதை நிறுத்தினாள். "அந்த ரெண்டு கோட்டை நீங்களே போட்டிருக்கலாமில்லீங்களா?"

"அப்படின்னா உங்க கண்ணாலயே பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். குரலைச் சிரிக்க வைத்தாள். எப்படி முடிந்ததோ!

"ஏனுங்க... சசி மாட்டிக்கிட்டான். கேஸ் முடிஞ்சுதுங்க! ஷோரூமுக்கு வாரீங்களா? ஒரு சக்கரத்து ஹோஸைக் கழட்டி மாட்டிக் காட்டச் சொல்றாங்க. எனக்குக் கை நடுங்குது."

"இதோ வாரேன் அம்மணி!"

*

யஷ்வந்த் தேங்காய் பன் பொட்டலத்தோடு வந்தான்.

"காத்தால இருந்து நீ ஒண்ணும் திங்கல. மொதல்ல இதைத் தின்னு."

பிரீத்திகா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கை சுட்டது. சசிதரை உள் அறையில் அடைத்து ஒரு கான்ஸ்டபிளைக் காவலுக்கு வைத்திருந்தார்கள்.

"சார், வலது சக்கரம் கேஸுக்கு வேணும், தொடாதீங்க," என்றாள் மெர்சி. "இடது பக்கம் கழட்டி மாட்டுங்க. எத்தனை நேரம் ஆகும்னு கோர்ட்ல கேப்பாங்க."

"இதெல்லாம் ஒரு வேலையாங்க மேடம்!"

கழற்றினான். மாட்டினான். முறுக்கினான். சுத்தமான வேலை.

பிறகு அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வயலெட் பாட்டில் வெளியே வந்தது. மூடி திறந்தது.

ஒரு கோடு.

வாயால் ஊதினான்.

இரண்டாவது கோடு!

"அது எதுக்குங்க சார் ரெண்டாவது?" மெர்சியின் குரல் தேனாய் வந்தது.

"பழக்கமுங்க. ஒண்ணு அழிஞ்சாலும் இன்னொண்ணு இரு..."

நிறுத்தினான். அவன் கண்கள் வலது சக்கரத்துக்குப் போயின. அங்கிருந்து பிரீத்திகாவின் முகத்துக்கு வந்தன.

"ஏண்டா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ங்க' போடாமல் அவனிடம் பேசாதவள். அந்த ஒரு வார்த்தையில் அவன் உட்கார்ந்துவிட்டான்.

"உன்கூட இருக்கற வரைக்கும் நான் பிரீத்திகா புருசன் மட்டுந்தான். சசிதர் ஷெட்ல எல்லாம் என் கையில. பார்ட்னர் ஆக்கறேன்னான்... அந்த வெங்கடபதி ஷெட்டுக்குள்ள வந்து என்னைப் பாத்துட்டாரு. பத்து நாளைக்குள்ள நீயே உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிரு, இல்லைன்னா நான் சொல்லிப்போடுவேன்னாரு. எனக்கு வேற வழி தெரியல."

"சொல்லியிருந்தா என்னடா ஆயிருக்கும்? உன்னைத் திட்டியிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன். அதுக்கா ஒரு உசுரு? அதுக்கா என்னைய ஒத்துக்கச் சொல்லி கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த?"

பிரீத்திகா தேங்காய் பன்னைப் பிரிக்காமலேயே மேஜையில் வைத்தாள். பசித்தது. இருந்தாலும் அதைத் தின்ன முடியவில்லை.

மெர்சி விலங்கை மாட்டினாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க சார். கழட்டுன ஹோஸை உக்கடம் குளத்துல வீசியிருந்தா, என் பாட்டன் வந்தாலும் உங்களைப் புடிச்சிருக்க முடியாது. ஏன் கொண்டுவந்து இதுல மாட்டுனீங்க?"

யஷ்வந்த் தலையைக் குனிந்தான்.

"நல்ல சாமானுங்க மேடம். தூக்கிப்போட மனசு வரல..."

"மனுசனைத் தூக்கிப்போட மட்டும் வந்துச்சாக்கும்!"

உள் அறைக் கதவு லேசாகத் திறந்தது. சசிதரின் தலை எட்டிப் பார்த்தது.

"மேடம்... நான் வண்டிதானே ஏமாத்துனேன். வசதியா... நம்ம லெவலுக்குத் தக்கன ஏதாச்சும் ரூம் பாத்துக் குடுக்க முடியுங்களா?"

மெர்சி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"கோயமுத்தூர் சென்ட்ரல் ஜெயிலுங்க சார். எல்லாருக்கும் ஒரே ஸ்டாண்டர்ட் மாடல்தான். மாடிஃபிகேஷனுக்கு அனுமதி கெடையாதுங்க!"