உருளாத வைக்கோல்

உடலை முதலில் பார்த்தவை மாடுகள்தான்.

தீவனத்துக்காக வைக்கோல் கொட்டகை வாசலில் வந்து நின்றவை... உள்ளே போக மறுத்து மூக்கை விடைத்தன.

என்னவென்று எட்டிப் பார்த்த சமையல்காரம்மா போட்ட அலறலில் பண்ணையே கூடிவிட்டது!

ஆள் உயர உருளைக் கட்டு ஒன்று. அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டு... ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த வெளிநாட்டுப் பையன்! காலையில் மாட்டுக் கொட்டில் வேலை, சாயங்காலம் பண்ணை ஆட்களுக்குப் பாடம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்கையும் மட்டும்.

'வைக்கோல் கட்டு உருண்டு விழுந்து மரணம். விபத்து.'

போலீஸ் எழுதி முடித்தது. முதலாளி கொடுத்த டீ ஆறுவதற்குள்!

* * *

அடுத்த அறுவடைக்கு முன்னால், அதே வேலைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள்.

எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'. செத்துப்போனவனின் அக்கா என்பது ஒருவருக்கும் தெரியாது. அவள் தெரியவிடவும் இல்லை.

தம்பி போன் பண்ணும்போதெல்லாம் அந்த ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை சொல்லித் தருவான். மிச்சத்தை, அவனைப் பெட்டியில் வைத்து அனுப்பிய பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு அவளே படித்தாள்.

வந்த மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்து, சிமெண்ட் தரையில் ஒரு கோலியை வைத்தாள். ஃபிசிக்ஸ் படித்தவள்.

கோலி அசையவில்லை.

இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் அசையவில்லை. கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கமும் அங்கே இல்லை.

கோலியே உருளாத தரையில், கால் டன் கட்டு எப்படித் தானாக உருளும்?

யாரோ டிராக்டரில் தூக்கி வந்து தம்பி மேல் வைத்திருக்கிறார்கள்!

"இங்க என்ன தேடற?"

திரும்பினாள். முதலாளி.

"கோலி விழுந்துருச்சு சார்."

"கோலி விளையாடற வயசா உனக்கு? கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல. போ... சாணி அப்படியே கிடக்கு."

டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் பண்ணையில் இரண்டே பேர். முதலாளி, டிரைவர்.

வெங்காயம் உரிக்க உட்கார்ந்த சாக்கில் சமையல்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"டிரைவரா? அவன் அந்தத் தம்பி மேல உயிரையே வெச்சிருந்தான். தம்பி போனதும் சோறு தண்ணி இல்லாம படுத்தவன், எந்திரிக்கவே ரொம்ப நாளாச்சு. முதலாளி இருக்காரே... பெத்த தாய் செத்தப்பகூட பால் கணக்குதான் கேட்டாரு."

"நீங்க பார்த்தீங்களாக்கா?"

"கணக்குச் சொன்னதே நான்தானே."

கண்ணில் தண்ணீர். வெங்காயத்துக்கா, வேறெதற்கா... டீச்சர் கேட்கவில்லை. அவள் கண்ணிலும் அதேதான்.

ஆக, முதலாளி!

* * *

பால் அறையை ஒட்டிய ஷெட்டில் சாயங்கால வகுப்பு. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒருவர் குறட்டையிலேயே ஏ, பி, சி, டி சொல்வார் என்று கேலி பேசிக்கொள்வார்கள்.

தூங்காத ஒரே ஆள் டிரைவர்.

சுமாரான தலை. ஒரு வார்த்தை நிற்க ஒரு வாரம் ஆகும். ஆனாலும் விடமாட்டார். சுமை, பின்பக்கம், கண்ணாடி, மன்னிப்பு... இவற்றுக்கெல்லாம் இங்கிலீஷ் கேட்டு நச்சரிப்பார். வெளிநாட்டு லைசென்ஸ் எடுக்கப் போகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கேட்டே விட்டாள்.

"யாரை மயக்க இவ்ளோ படிக்கிறீங்கண்ணா?"

வகுப்பு தூக்கம் கலைந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"வயசானவங்க ஒருத்தங்களுக்கு போன் பண்ணணும் டீச்சர்."

அவளுடைய ரப்பர் பூட்ஸில் ஓட்டை விழுந்தபோது பழைய ட்யூப் துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். காய்ச்சலில் படுத்தபோது அவள் பங்குச் சாணியையும் சேர்த்து அள்ளியவர். தம்பிக்கு அப்புறம் 'கூடப் பிறந்தவர்' என்று அவள் மனசு ஒருவரை நினைத்தது என்றால்... அது அவரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவுக்கு வந்தாள். இன்று போலீஸ் ஸ்டேஷன். முதலாளி மேல் கொலைப் புகார். சாட்சிக்கு டிரைவர் அண்ணா கூட வந்தால் போதும்.

அவரைத் தேடிக்கொண்டு பால் அறைப் பக்கம் வந்தாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அவளுடைய போன் ஒலித்தது.

தெரியாத நம்பர்.

"ஹலோ?"

"வணக்கம்... அம்மா."

இங்கிலீஷ். தட்டுத் தடுமாறிய, அவளுக்குப் பழக்கமான இங்கிலீஷ். காதில் ஒரு முறையும்... சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறையும் கேட்டது!



"உங்க பையன் ஒரு தடவை என் போன்ல வீட்டுக்குப் பேசினார். அந்த நம்பர் இது. நான் டிராக்டர் டிரைவர். உங்க மொழி எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பையனோட அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாம இருக்காதுன்னு... படிச்சேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி பின்னாடி போனா ஒரு ஹாரன் கத்தும். மாடு மிரண்டு பால் குறையுதுன்னு முதலாளி ஒயரை வெட்டச் சொன்னாரு. நான்தான் வெட்டினேன். அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சுமையோட அவசரமா பின்னாடி எடுத்தேன். கண்ணாடியைப் பார்க்கல. உங்க பையன் பின்பக்கம் குனிஞ்சு கொக்கி மாட்டிட்டு இருந்தார்."

சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மடியில தூக்கி வெச்சுக்கிட்டேன். பேசினார். 'அக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, பயந்துடுவா'ன்னார். அவ்ளோதான்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வெளிய தெரிஞ்சா உன் பொண்ணுங்க தெருவுலதான் நிக்கும்னு முதலாளி சொன்னாரு. வைக்கோல் கட்டைத் தூக்கி உங்க பையன் மேல வெச்சது... நான்தான். இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன். போலீசுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும். மன்னிப்பு கேட்க எனக்குத் தகுதி இல்ல. சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா... இருக்கீங்களா?"

சுமை, பின்பக்கம், கண்ணாடி, மன்னிப்பு. ஒவ்வொன்றையும் உச்சரிப்புத் திருத்தி, பலகையில் எழுதி, அவர் வாயில் ஏற்றி விட்டவள் அவள்தான்!

போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

கவிழ்த்து வைத்த பால் கேனின் மேல் உட்கார்ந்திருந்தார் டிரைவர். துவைத்த சட்டை. படிய வாரிய தலை.

நிமிர்ந்தார். டீச்சரைப் பார்த்தார். அவள் காதில் இருந்த போனைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள். "போனும் கிடையாது. அதனாலதான் என் தம்பி எப்பவும் என் நம்பருக்குக் கூப்பிடுவான்."

'அண்ணா' என்று அவள் சேர்க்கவில்லை.

டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார். தரையில் அப்படியே மடங்கி உட்கார்ந்தார்.

அவள் அழவில்லை. அடிக்கவும் இல்லை. "ஸ்டேஷனுக்கு நடங்க. நானும் வரேன். ஒயரை வெட்டச் சொல்லி, அப்புறம் உங்களை மிரட்டின முதலாளியும் தப்பிக்கக் கூடாது" என்றாள்.

பண்ணை வாசல் வரை அவர் முன்னே, அவள் பின்னே நடந்தார்கள். கேட்டைத் திறக்கும்போது, கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றார்.

"டீச்சர்... நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா?"

"ம். ஒரு வார்த்தை விடாம." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."