சாம்பல் தீவின் அணையாத வெளிச்சம்

சாம்பல் தீவுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், அந்தமான் கடலில் எந்தப் படகுக்காரரும் முடியாது என்று நேரடியாகச் சொல்ல மாட்டார். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்பார். அதிலேயே வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அந்தச் சனிக்கிழமை இருதயராஜ் அப்படி எதுவும் கேட்காமல் படகை எடுத்தார். கேட்க அவருக்கு வாயில்லை. இப்போது படகில் ஏறியிருக்கிற அமிர்தத்தின் தம்பி மருதையைச் செவ்வாய்க்கிழமை அந்தத் தீவில் இறக்கிவிட்டு வந்தவரே அவர்தான்.

மருதையோடு பரமானந்தம் என்றொரு பழம்பொருள் வியாபாரியும் இறங்கியிருந்தார். போர்க்காலத்தில் ஜப்பான் சிப்பாய்கள் புதைத்த இரும்புப் பெட்டி அங்கே இருப்பதாக அவரிடம் ஒரு வரைபடம் இருந்தது. தோண்ட ஆள் வேண்டும். தோண்டுவதில் மருதையை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது. வெள்ளிக்கிழமை கூட்டிவர வேண்டும் என்பது பேச்சு. வெள்ளியன்று இருதயராஜ் போய் அரை மணி நேரம் ஹாரன் அடித்தும் கரைக்கு யாரும் வரவில்லை. தனியாக இறங்கித் தேட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. காவல் நிலையத்தில் விவரம் சொன்னபோது, திங்கட்கிழமை தேடுதல் படகு அனுப்புவதாகச் சொன்னார்கள். திங்கள் வரை சோறு இறங்காது என்று அமிர்தம் கிளம்பிவிட்டாள்.

அமிர்தத்துக்கு முப்பத்தாறு வயது. தருமபுரிப் பக்கத்திலிருந்து கிணறு வெட்ட வந்து அந்தமானிலேயே தங்கிவிட்ட குடும்பம். ஆண்கள் இறங்கி வெட்டுவார்கள், பெண்கள் மேலே நின்று கயிறு இழுத்து மண் அள்ளுவார்கள். இருபது வருடம் கயிறு பிடித்து அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கிணற்றுக்குள் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை.

கூட வந்த மூன்றாவது ஆள் தாரிணி. சேலத்துப் பெண், வயது இருபத்தாறு, எரிமலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அமிர்தத்தின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் பிடிவாதமாகப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வழியில் தாரிணி பேசிக்கொண்டே வந்தாள். பயத்தில் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள், சிலர் திறந்துவிடுவார்கள். அவள் இரண்டாவது வகை. நாம் நிற்கிற தரை ஒரே துண்டாக இல்லை என்றாள். இந்தியாவைச் சுமக்கிற பாறைத்தட்டு, விரல் நகம் வளர்கிற வேகத்தில் வடகிழக்கே நகர்ந்து, இந்தக் கடலுக்கு அடியில் இன்னொரு தட்டின் கீழே நுழைகிறது. போகும்போது கடல் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தின் சூட்டில் அந்தத் தண்ணீர் பட்டு மேலே இருக்கிற பாறை உருகுகிறது. உருகியது சந்து கண்ட இடத்தில் பொங்கி வருகிறது. அப்படி வந்ததுதான் சாம்பல் தீவு. எரிமலை தூங்கினாலும் அடியிலிருந்து காற்று மட்டும் கசிந்துகொண்டே இருக்கும் என்றாள்.

மேல்மண், சரளை, பாறை, அப்புறம் தண்ணீர். அமிர்தத்தின் வீட்டில் பூமி என்றால் அவ்வளவுதான். தண்ணீர் வந்ததும் கொண்டாடிவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அவள் மடியில் ஒரு அரிக்கேன் விளக்கு இருந்தது. கண்ணாடி புகை பிடித்து, பிடிக்குத் துணி சுற்றியிருந்த பழைய விளக்கு. மருதை இதுவரை இறங்கிய ஒவ்வொரு கிணற்றிலும் அவனுக்கு முன்னால் இறங்கிய விளக்கு அது. போன மாதம் அவன் பிறந்தநாளுக்கு அமிர்தம் தலையில் மாட்டிக்கொள்கிற டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் நூறு மணி நேரம் எரியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "இன்னும் இந்த ஓட்டை விளக்கைத் தூக்கிட்டு அலையணுமாடா?" என்று அவள் கிண்டல் செய்ததும், அவன் சிரித்துக்கொண்டே இதை அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். கிளம்பும்போது ஆணியில் தொங்கியதைப் பார்த்து மனசு கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.

சூரியன் எழும்போது தீவு தெரிந்தது. கறுப்புப் பாறை, கறுப்பு மணல், நடுவில் சாம்பல் நிற மலை. காற்று அடியோடு இல்லை. அலைகூடச் சத்தமில்லாமல் வந்து திரும்பியது. மூவரும் இறங்கி நடந்தார்கள்.

கரையிலிருந்து கொஞ்சம் மேலே தார்ப்பாய்க் கூடாரம் அப்படியே நின்றது. அமிர்தம் பானைகளைத்தான் முதலில் பார்த்தாள். ஒன்றில் தண்ணீர் ஊற்றிய சோறு நுரைத்துப் புளித்துக் கிடந்தது. வெங்காயம் உரித்து மேலே வைத்திருந்தது. அதை யாரும் தொடவில்லை. மருதையின் பழக்கம் அவளுக்குத் தெரியும். வெயிலுக்கு முன்னால் இருட்டோடு போய் ஒரு வேலை முடித்துவிட்டு, எட்டு மணிக்குத் திரும்பி வந்து பழைய சோறு சாப்பிடுவான். சோறு நுரைத்திருந்த அளவைப் பார்த்தால், புதன்கிழமை காலையில் போனவர்கள் திரும்பவில்லை. மூன்று நாள். அவள் பானையை மூடி வைத்தாள்.

கால்தடம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப் போனது. மூன்று ஆள் ஆழம், பெரிய சட்டி மாதிரி வட்டம், சரிவெல்லாம் சாம்பல். வெயில் இன்னும் உள்ளே விழவில்லை. அந்த நிழலுக்குள், அடியில், ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா, லைட் எரியுது," என்றாள் தாரிணி.

இருதயராஜ் கையைக் குவித்து மருதையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. கண் பழகியதும் தெரிந்தது. மருதை குப்புறப் படுத்திருந்தான், முகம் மட்டும் பக்கவாட்டில். நெற்றியில் டார்ச். அவன் மேல் குறுக்காகப் பரமானந்தம். அடிபட்டிருக்கும், மயக்கமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தாரிணி பையைக் கழற்றி எறிந்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கந்தக வாடை துளியும் இல்லை, அதனால் நச்சுக்காற்று பயமில்லை என்று படித்தவளுக்குரிய தைரியத்தோடு சரிவில் காலை வைத்தாள்.

அமிர்தத்துக்கும் கால் முன்னால் போனது. தம்பி இருபதடி தூரத்தில் கிடக்கும்போது எந்த அக்காவுக்குத்தான் போகாது? ஆனால் இருபது வருடம் கிணற்று மேட்டில் நின்று கீழே விளக்கையே பார்த்த கண் அவளுக்கு. கீழே எரிகிற வெளிச்சம் ஆடும், சுருங்கும், பெருகும். இது ஆடவே இல்லை. பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு புறா சிறகு மடக்கிப் படுத்திருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. மூன்று நாள் கிடக்கிற உடம்புகள் மேல் ஒரு ஈ இல்லை.

அவள் தாரிணியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் சாம்பலில் உட்கார்ந்தே விட்டாள்.

"அந்த லைட்டை நம்பாதே. அதுக்கு மூச்சு வேணாம்."

அரிக்கேன் விளக்கை ஏற்றி, நைலான் கயிற்றில் கட்டி, மெல்ல இறக்கினாள். முதல் ஆள் ஆழத்தில் நன்றாக எரிந்தது. இரண்டாவதில் சுடர் நீலமாகிக் குன்றியது. அதற்குக் கீழே ஒரு முழம் விட்டதும் யாரோ விரலால் கிள்ளியது போல் அணைந்தது. அதற்கும் கீழே மருதையின் நெற்றியில் டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

தாரிணி முகத்தை மூடிக்கொண்டாள். கரியமிலக் காற்று, நாம் வெளியே விடுகிற அதே காற்று, வாடையே இருக்காது, சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், காற்றடிக்காத ராத்திரியில் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கிவிடும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளத்தில் இறங்கியிருப்பார்கள், அப்போது வெயிலும் காற்றும் அதைக் கலைத்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்ற நம்பிக்கையில் மறுநாள் விடியலில் இறங்கியிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் மூக்கை நம்பினேனே என்று அழுதாள்.

அமிர்தம் அழவில்லை. வியாபாரி ஏன் மேலே கிடக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. விழுந்தவனைத் தூக்க இறங்கியிருக்கிறார். கிணற்று வேலையில் இரண்டாவது சாவு எப்போதும் அப்படித்தான் வரும். பெட்டிக்கு ஆசைப்பட்ட மனிதர்தான், ஆனால் ஓடிப்போகவில்லை. அவர்மேல் நேற்றிலிருந்து வைத்திருந்த ஆத்திரம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

காத்திருப்பதைத் தவிர வழியில்லை. விளிம்பில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்தபடியே ஐந்து மணி நேரம் காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான நேரம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பத்து மணிக்கு வெயில் பள்ளத்துக்குள் இறங்கியது. பதினொன்றுக்கு மேற்கிலிருந்து காற்று எழுந்தது. பன்னிரண்டுக்கு விளக்கு அடிவரை போய், நூறு எண்ணும் வரை நின்று எரிந்தது.

யார் இறங்குவது என்பதில் சண்டை வந்தது. நான்தான் கொண்டுவிட்டேன், நானே போகிறேன் என்றார் இருதயராஜ். இழுக்கிற பலம் மேலேதான் வேண்டும் என்று சொல்லி அமிர்தம் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டாள். விளக்கைக் கணுக்கால் உயரத்தில் பிடிக்க வேண்டும், குனியும்போது மூச்சை அடக்க வேண்டும், சுடர் குன்றினாலே ஏறிவிட வேண்டும், அணையும்வரை நிற்கக் கூடாது என்று தாரிணி மூன்று முறை சொன்னாள்.

முதல் முறை பரமானந்தத்தைக் கட்டினாள். அவருடைய கை மருதையின் அக்குளுக்கு அடியில் இருந்தது. அதைப் பிரிக்கத்தான் நேரம் பிடித்தது. மேலே இருவரும் கயிற்றைப் பாறையில் சுற்றி இழுத்து அவரை ஏற்றினார்கள்.

இரண்டாவது முறை தம்பியின் தோளைத் தொட்டுவிட்டாள். கயிற்றை மார்புக்கு அடியில் நுழைத்துக்கொண்டிருக்கும்போது காற்று நின்றது. சுடர் நீலமானது. இன்னும் ஒரு முடிச்சு, ஒரே ஒரு முடிச்சு. டார்ச்சின் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக அடித்தது. நான் எரிகிறேன், நீ இரு என்று அது சொல்வது போல் இருந்தது. விளக்கு அரிசி அளவுக்குச் சுருங்கியது. தலை கனத்தது.

அவள் கயிற்றை விட்டாள். தம்பியை அங்கேயே விட்டுவிட்டு, நாலு காலில் சரிவேறினாள். மேலே வந்து விழுந்த பிறகுதான் கத்தி அழுதாள். இருதயராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காற்று மறுபடி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது முறை முடிச்சு விழுந்தது. மருதை ஏறினான். கடைசியாக ஏறும்போது அமிர்தம் பார்த்தாள். அவன் வெட்டிய குழியில் துருப்பிடித்த இரும்பின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. பெட்டிதான். மேலே வந்து சொன்னாள். இருதயராஜ் ஒரு கணம் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மருதையின் முகத்தை மூடினார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

படகு திரும்பியது. போன மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள், தேடிப்போன இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாம்பல் தீவைப் பொறுத்தவரை அது வெற்றிதான். அமிர்தம் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். டார்ச்சைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அது மங்கலாக இன்னும் எரிந்தது. எங்கே அழுத்தினால் அணையும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாரிணி வாங்கி அணைத்துக் கொடுத்தாள்.

"நான்தான் வாங்கிக் குடுத்தேன், தாரிணி."

அந்தப் பெண் சொன்னாள்: "காலைல நான் இறங்கியிருப்பேன்க்கா. என்னைத் தூக்க நீங்க, உங்களைத் தூக்க இருதயராஜ் அண்ணன். உங்க விளக்குதான் மூணு பேரையும் காப்பாத்துச்சு."

"அது என் விளக்கு இல்ல," என்றாள் அமிர்தம். "அவன் வீட்ல விட்டுட்டுப் போனது."

இப்போது அந்த ஊரில் யார் கிணற்றில் இறங்கினாலும், கழிவுத்தொட்டியைத் திறந்தாலும், முதலில் அமிர்தத்தின் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கையில் நல்ல டார்ச் இருக்கும்போது இது எதற்கு என்று யாராவது கேட்டால் அவள் விளக்கம் சொல்வதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைத் துடைத்து, மருதையின் விளக்கைக் கையில் கொடுப்பாள். கூடவே போவாள். அது அடிவரை போய் நூறு எண்ணும் வரை எரிந்தால்தான், இறங்குகிறவரின் கயிற்றைப் பிடித்திருக்கிற கையைத் தளர்த்துவாள்.