மாமா பார்க்காத புகை

"அம்மா! காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு!"

மொட்டைமாடியிலிருந்து கொசு போட்ட சத்தத்தில் அம்மா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தாள்.

கொசு என்பது மகளின் நிஜப் பெயர் இல்லை. காதோரம் வந்து நின்று ஓயாமல் கேள்வி கேட்பதால் மாமா வைத்த பட்டப்பெயர். இப்போது அவளுக்குப் பத்து வயது. கேள்விகள் மட்டும் குறைந்தபாடில்லை.

கொடியில் நாற்பது வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் மருத்துவமனைக் கட்டில்களுக்குப் போக வேண்டியவை. அவற்றின் பக்கத்திலேயே, அவர்களுடைய சலவைக்கூடத்தின் புகைபோக்கி கன்னங்கரேலென்று புகை கக்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். மிளகுத்தூள் தூவியது போல ஓரமெல்லாம் கரிப்புள்ளிகள்.

"போச்சு! பத்து விரிப்பாவது மறுபடி துவைக்கணும்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

காலையில்தான் மருத்துவமனை சிஸ்டர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை புள்ளியோடு வந்தால் வேறு சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்வார்களாம். அந்த வேலை போனால் இவர்களுக்கு வேறு வேலை கிடையாது. ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும். இப்போதே மணி இரண்டு.

"அடுப்பை அணைச்சிடலாமாம்மா?"

"அணைச்சுட்டு? சுடுதண்ணி இல்லாம இந்தக் கரி போகுமாடி?"

கொசுவுக்கு அழுகை முட்டியது. துவைக்க நெருப்பு வேண்டும். நெருப்பு மூட்டினால் புகை வரும். புகை பட்டால் மறுபடியும் துவைக்க வேண்டும். இப்படியே போனால் விடிய விடியத் துவைத்தாலும் தீராது.

அவள் கீழே ஓடினாள்.

தகரக் கூரைக்கு அடியில், பாய்லர் அடுப்பின் முன்னால் மாமா இருமிக்கொண்டிருந்தார். முகத்தில் பல்லும் கண்ணும்தான் வெள்ளை. தச்சுப்பட்டறையிலிருந்து வந்த மரச்சீவலை அள்ளி அள்ளி அடுப்பு வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மேல ஒரே புகை!"

"நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க பாரு, நெருப்பே இல்ல, புகை மட்டும் ஜோரா வருது! தண்ணி சூடே ஏற மாட்டேங்குது." இன்னொரு கூடையைக் கவிழ்த்தார்.

"ஏன் மாமா ஏறல?"

"ஆரம்பிச்சிட்டியா? தள்ளி நில்லு."

சாம்பல் நிறைந்துவிட்டதா என்று பார்க்க, அடுப்புக்கு அடியிலிருந்த சின்னக் கதவை மாமா கம்பியால் திறந்தார். உடனே காற்று புகுந்து, உள்ளே 'குப்'பென்று தீ எழுந்தது. அடுப்பு முழுக்கப் பொன்னிறமானது. மாமா அவசரமாகக் கதவை மூடி, அதன்மேல் ஒரு செங்கல்லையும் சாய்த்து வைத்தார். தீ பழையபடி சுருண்டு படுத்துக்கொண்டது.

"அதை ஏன் மூடறீங்க மாமா?"

"போன மாசம் திறந்து வெச்சுத்தான் சாம்பல் பறந்து துணியெல்லாம் பாழாச்சு. அன்னையிலேருந்து இதைத் திறக்கறதே இல்ல."

கொசு கூரையை அண்ணாந்து பார்த்தாள். தகரம்தான் தெரிந்தது. மாமாவுக்கு இங்கிருந்து புகைபோக்கி தெரியாது. மாடியில் நிற்கும் அம்மாவுக்கு அடுப்பு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமே இல்லை!

"மாமா, கதவைத் திறந்து வைங்க. நான் மேலேருந்து பாத்துச் சொல்றேன்."

"சாம்பல் பறந்தா?"

"அத்தனையும் நானே துவைக்கறேன்."

"உன் கை வீங்கிடும்" என்றார் மாமா. ஆனாலும் செங்கல்லை எடுத்தார்.

கொசு மூச்சிரைக்க மாடிக்கு ஓடினாள். அம்மா கொடியின் அந்தக் கோடியில் விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். கீழே கதவு கிறீச்சிட்டது. புகை இன்னும் ஒரு முறை திரண்டு வந்தது. பிறகு கறுப்பு சாம்பல் நிறமானது. சாம்பல் நிறம் வெளுத்தது.

"கொறையுது மாமா! கொறையுது!"

அவள் குதிப்பதற்குள் புகைபோக்கி உறுமியது. தீப்பொறிகள் கிளம்பின. சாம்பல் துணுக்குகள் மேலெழுந்து விரிப்புகளை நோக்கி மிதந்து வந்தன. மாமா சொன்னதும் சரிதான்!

"மூடுங்க!" என்று கத்தப் போனவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூடினால் கரி. திறந்தால் சாம்பல். அப்படியானால்?

"பாதி மூடுங்க மாமா! பாதி!"

"எவ்வளவு பாதி?"

"கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க! சீவலை மொத்தமா கொட்டாதீங்க. ஒவ்வொரு கையா போடுங்க!"

உறுமல் அடங்கியது. பொறி நின்றது. கொசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். புகைபோக்கியின் வாயில் புகையே இல்லை; வெயில்தான் நெளிந்தது.

"அம்மா, துவைக்கலாம் வா!"

கீழிருந்து மாமாவின் குரல் வந்தது. "அக்கா! தண்ணி தளதளன்னு கொதிக்குது! சீக்கிரம் கொண்டா!"

அதன்பிறகு யாரும் உட்காரவில்லை. கொசு மாடியைவிட்டு அசையவில்லை. புகை இலேசாகக் கறுத்தால் "திறங்க", பொறி பறந்தால் "மூடுங்க". மாமா மறுபேச்சு பேசாமல் செய்தார்.

ஐந்து மணிக்கு வண்டியோடு சிஸ்டரே வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு விரிப்பாகப் பிரித்துப் பார்த்தார். அம்மாவின் கை முந்தானையைத் திருகியபடியே இருந்தது. கடைசி விரிப்பையும் மடித்து வைத்துவிட்டு, சிஸ்டர் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

"துணி பளிச்சுனு இருக்கு. யார் செஞ்ச வேலை?"

"மாமாதான் அடுப்பைப் பாத்துக்கிட்டார்" என்றாள் கொசு.

மாமா கரி முகத்தோடு நெளிந்தார். "நான் எங்க பாத்தேன்? இந்தக் கொசு மேல நின்னு விரட்டுச்சு, நான் செஞ்சேன்."

சிஸ்டர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பா? இன்னைக்கு நீங்க அடுப்பே பத்த வைக்கலைன்னுல்ல நினைச்சேன்!"