ரெத்தினம் பேரில் நாலு ஏக்கர்

ஐந்தாவது சைக்கிளின் சீட் நாகநாதனின் உயரத்துக்கு ஏறியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஐந்து சைக்கிளுக்கும் காற்றடித்து, வருகிறவர்கள் போனில் சொன்ன உயரத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு சீட்டையும் ஏற்றி இறக்கி, ஸ்பேனரால் முறுக்கி வைத்துவிட்டுத்தான் அவன் படுக்கப் போனான். ஐந்தாவது ஆள் உயரம் சொல்லவில்லை. பெயர் மட்டும்தான் கொடுத்திருந்தான், ரெத்தினம் என்று. அதனால் அந்தச் சீட்டை அடிமட்டத்தில் விட்டிருந்தான். காலையில் வந்து பார்த்தால் அது மேலே நிற்கிறது. காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பெடலில் பாதம் சரியாகப் பதிந்தது. அவனே அவனுக்காக முறுக்கினதுபோல இருந்தது.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே காவிரிக்கரையில் ஆறு வருடமாக இதுதான் அவன் பிழைப்பு. காலையில் வயல் வழியே நடை, அப்புறம் கரையோரம் சைக்கிள், மத்தியானம் அவன் வீட்டில் சாப்பாடு, நாலு மணிக்கு ஆற்றில் கயாக் படகு. வந்தவர்கள் போகும்போது, "நாகநாதன் சார், உங்களாலதான் இந்த ஊரையே பாத்தோம்" என்று சொல்லவேண்டும். சொல்லாமல் போனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

திருச்சியில் கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ரசியா பேகமும் அவர் மகளும் காரில் வந்து இறங்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு புதுத் தம்பதி. ஐந்தாவது ஆள் ரோட்டு வழியாக வரவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தான். நாற்பத்திரண்டு வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் பை கிடையாது. உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை, ஆனால் அவன் பக்கத்தில் வந்ததும் உழுதுபோட்ட வயலின் ஈர வாடை குப்பென்று அடித்தது.

"ரெத்தினம்" என்றான். அவ்வளவுதான்.

வயலுக்குள் இறங்கிய பத்தாவது நிமிடத்திலேயே நாகநாதனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இவன் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் சொல்லிவிடுகிறான். இது நண்டு வளை, அது உள்ளான் குருவி, இந்தப் பயிர் நட்டு இருபது நாள். ஒதுங்கிப் பின்னால் வருகிறவனைச் சுற்றித்தான் நாலு பேரும் நடக்கிறார்கள். புதுப் பெண் அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறாள். ஒரு வரப்பில் நாகநாதன் காலை வைக்கப் போனபோது, "அது உள்வாங்கும், இந்தப் பக்கமா வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எனக்கா சொல்லித் தருகிறாய் என்று வேண்டுமென்றே அழுத்தி மிதித்தான். முழங்கால் வரைக்கும் புதைந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"நாகநாதன் சார், நீங்க இந்த ஊர்தானே?" என்றார் ரசியா பேகம். விளையாட்டாகத்தான் கேட்டார். அவனுக்குச் சுருக்கென்றது.

சைக்கிளில் போகும்போது அந்தப் பெயரை மறுபடி மறுபடி மனசுக்குள் உருட்டினான். அது அவனுக்குப் புதுப் பெயரா என்ன? எழுபதில் நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கருக்கு இறங்கியபோது, செங்கொடியைப் பிடித்துக்கொண்டு ஊரே நிலத்தைக் கேட்டு நின்றபோது, அவன் தாத்தா கணக்குக்கு மிஞ்சிய ஆற்றங்கரை நாலு ஏக்கரை ரெத்தினம் என்ற பெயரில் எழுதிவைத்தார். பண்ணையில் வேலை பார்த்த காத்தாயிக்குப் பிறந்து, பேர் வைக்கும் முன்னாலேயே செத்துப்போன பிள்ளைக்குத் தாத்தா வைத்த பெயர் அது. காகிதத்தில் அந்தப் பிள்ளை வளர்ந்தான். ரேஷன் கார்டு வாங்கினான், ஓட்டுப் போட்டான். காத்தாயி தன் பிள்ளையின் நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டுச் செத்தாள். அவளுக்கு அது கடைசிவரை தெரியாது.

தாத்தாவுக்குப் போகப்போக அந்தப் பெயரின்மேல் பாசமே வந்துவிட்டது. நாகநாதன் எதைச் செய்தாலும், "ஒனக்கு ரெண்டு வயசு மூத்தவன் ரெத்தினம். அவனா இருந்தா இன்னேரம் உழுது முடிச்சிருப்பான்டா" என்பார். வீடே சிரிக்கும். எட்டு வயதில் நாகநாதன் அந்த இல்லாத பிள்ளையை நினைத்துத் தலையணையைக் குத்திக் குத்தி அழுதிருக்கிறான். தாத்தா போன பிறகு ரெத்தினம் என்று கையெழுத்துப் போட்டவன் இவன்தான். கயாக் விடுவதற்கான அனுமதிக்கு அந்தப் பெயரையே எழுதி, பக்கத்தில் தன் போட்டோவைத்தான் ஒட்டிக் கொடுத்திருந்தான். யார் கேட்கப் போகிறார்கள்?

நாலு ஏக்கர் வந்ததும் அந்த ஆள் பிரேக் பிடித்து நின்றான்.

"இது யாரோட நெலம்?" என்றாள் புதுப் பெண்.

"எங்களோடது" என்றான் நாகநாதன்.

"என்னோடது" என்றான் அவன் அதே நேரத்தில்.

ஜோக் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நாகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. பட்டாவில் இருப்பதைத்தானே சொல்கிறான்.

யாரோ விஷயம் தெரிந்தவன் அனுப்பியிருக்கிறான், நிலத்துக்கு அடிபோடுகிறார்கள், வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டால் வேஷம் கலைந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மத்தியானம் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனான். கூடத்தில் விரால் மீன் குழம்பு மணத்தது. அவன் அம்மா பிரகதாம்பாள் சட்டியிலிருந்து நடுத்துண்டைத் தேடி எடுத்தாள். நாற்பது வருடமாக அந்தத் துண்டு நாகநாதனின் இலையில்தான் விழும். அவள் அவனைத் தாண்டிப் போய் ரெத்தினத்தின் இலையில் வைத்தாள்.

"இப்புடி எளைச்சிப் போயிட்டியேய்யா. நல்லா சாப்புடு" என்றாள்.

நாகநாதன் அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"அது யாருன்னு தெரிஞ்சுதான் போடுறியாம்மா?"

"தெரியாம என்ன? எம் புள்ள ரெத்தினம்."

"ஐயோ, அப்புடி ஒரு ஆளே கெடையாதும்மா! தாத்தா எழுதுன பேரு அது. நீதான எங்கிட்ட சொன்ன?"

பிரகதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை. தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறவர்களைப் பார்க்கிற பார்வை.

"வெயில் ஒத்துக்கல போலருக்கு. போய் ஒக்காருங்க தம்பி. டூருக்கு வந்தவங்களுக்கு அந்தப் பக்கம் எல போட்ருக்கு."

தம்பியாம். ஒக்காருங்களாம். பெற்ற தாய். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த அவனுடைய பள்ளிக்கூட போட்டோவைக் காட்டி ரசியா பேகம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சின்ன வயசுலயும் இதே முகம்தான் ரெத்தினம் சார் உங்களுக்கு." நாகநாதன் அந்த போட்டோவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு ஆறு கரைதொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூன்று கயாக். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். தாயும் மகளும் ஒன்றில், தம்பதி ஒன்றில் போய்விட்டார்கள். மூன்றாவதில், வழக்கமாக நாகநாதன் உட்கார்ந்து திருப்புகிற பின் இருக்கையில் அந்த ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். கழுத்தில் விசில். நாகநாதன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். கயிறு இல்லை.

முன்னால் ஏறினான். முதுகுக்குப் பின்னால் அந்த வாடை. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் இவனுடையது மட்டும்தான் கேட்கிறது, பின்னால் துடுப்புப் போடுகிறவனின் சத்தமே இல்லை, ஆனாலும் படகு நேராகப் போகிறது, இவன் ஆறு வருடத்தில் ஒருநாளும் விட்டிராத அளவுக்கு நேராக. முன்னால் போன படகிலிருந்து மகள் கத்தினாள்.

"ரெத்தினம் சார், எந்தப் பக்கம் திரும்பணும்?"

"எடது பக்கம்" என்றது பின்னாலிருந்து. நாகநாதனின் குரல். அவனுடையதேதான். பத்து வருடமாக வெற்றிலை போட்டுக் கரகரத்த அதே குரல்.

நிலத்தை எடுத்துக்கோ. தொழிலை எடுத்துக்கோ. அம்மாவையுமா? இங்கே சுழல் இருக்கிறது. அவனுக்குத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டை அந்த ஆள் மாட்டவில்லை. கவிழ்த்துவிட்டால்? யாரைக் கொன்றதாக ஆகும்? இல்லாத ஆளை. எந்தக் கோர்ட்டில் கேட்பார்கள்?

இடுப்பை வளைத்தான். முழு பலத்தோடு வலது பக்கம் சாய்ந்தான்.

படகு அசையவில்லை. அவன் மட்டும் விழுந்தான்.

தண்ணீர். இருட்டு. மூக்கில் வண்டல். லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளைத் தேடினான். ஜாக்கெட்டே இல்லை. மாட்டினானே. மாட்டினது நினைவிருக்கிறதே. காலை உதைத்தான். மேலே வந்தான். மூச்சு. கரை பத்தடி தூரம்தான். மூன்று படகும் கரையில் ஏறிவிட்டன. எப்படி? இப்போதுதானே விழுந்தான்?

"எல்லாரும் வந்தாச்சா?" என்றான் ரெத்தினம்.

"வந்தாச்சு சார்" என்றார்கள் நாலு பேரும். ஒருவரும் ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களாலதான் இந்த ஊரையே பாத்தோம்" என்றார் ரசியா பேகம்.

கத்தினான். சத்தம் வந்தது. அவன் காதுக்கே கேட்டது. அவர்கள் காருக்கு நடந்தார்கள்.

கரையில் பிரகதாம்பாள் துண்டோடு நின்றாள். ரெத்தினத்தின் தலையை இழுத்து வைத்துத் துவட்டினாள். அவன் தலை நனையவே இல்லை. அவள் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா!"

அவள் திரும்பினாள்.

பார்த்துவிட்டாள். நேராக அவனைத்தான் பார்த்தாள். கை துண்டோடு நின்றது. கண் விரிந்தது. அடையாளம் தெரிந்துவிட்டது அம்மாவுக்கு, தெரிந்துவிட்டது, இதோ இறங்கி வரப்போகிறாள் என்று அவன் கையை நீட்டினான்.

அவள் ரெத்தினத்தைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அங்க பாக்காதய்யா. தண்ணியில நிக்குது. பொறாம புடிச்ச கண்ணு. அப்புடியே ஒன்னையே பாத்துக்கிட்டு இருக்கு."

குனிந்தாள். ரெத்தினத்தின் காலடி மண்ணை ஒரு பிடி அள்ளினாள். அவன் தலையை மூன்று தரம் சுற்றினாள். தூ. தூ. தூ. ஆற்றைப் பார்த்து வீசினாள்.

மண் வந்து முகத்தில் விழுந்தது. கண்ணில். வாயில். அம்மாவின் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது. தலைமேல் யாரோ உட்கார்ந்ததுபோல அவன் கழுத்துவரை அமிழ்ந்தான்.

"இன்னும் போகலய்யா" என்றாள் பிரகதாம்பாள். அடுத்த பிடி அள்ளக் குனிந்தாள்.