எட்டு மணித்தியாலத்தில் மூன்று பேர்

“வேரோனிக்காக்கா, றோட்டுக் கந்தோருக்குப் போன் பண்ணி, இதில கடக்கிறதுக்கு ஒரு சிக்னல் லைற் போடச் சொல்லிக் கேளுங்கோவன்.”

“நீயே கேளன்டி, அன்ரனெற்.”

“எனக்கு இன்னும் அகதிப் பேப்பர் வரேல்லை. ஆர் நீயெண்டு என்னையெல்லோ தேடுவினம்.”

பஸ்ஸை விட்டு இறங்கி, ஆறு லேன் றோட்டின் நடுவில் நின்று சிரித்துப் பேசிய பேச்சு. மூன்று வருடமாயிற்று.

நேற்றுக் காலை அதே இடத்தில்...

கார் அடித்துக் கிடந்த அன்ரனெற்றை ஆரஞ்சுத் துணியால் மூடியிருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில், அதிகாரி பிரியந்தன் வேரோனிக்காவிடம் தயங்கித் தயங்கிப் பேசினான்.

“அன்ரி, லைற் இல்லாத இடத்தில கடந்திருக்கிறா. பிழை அவவிலதான் எண்டு எழுதவேண்டி வரும்.”

வேரோனிக்கா மேசையில் கையூன்றினாள். அன்ரனெற்றுக்கு ஏழு வயதில் ஒரு மகள். தாய் தன் பிழையால் செத்தாள் என்று அந்தப் பிள்ளை ஒருநாள் வாசிப்பதா?

“தம்பி, வோபர்னில இங்கால எங்கட பில்டிங்குகள். அங்கால பஸ் ஸ்ரொப். லைற்றுக்குக் கால் மணித்தியாலம் ஸ்நோவுக்க நடக்கோணும். ஒரு நாளைக்கு நானூறு பேர் இதாலதான் கடக்கிறம். வெள்ளையள் இருக்கிற தெருவுகளில மூலைக்கு மூலை லைற். எங்களுக்கேன் இல்லை?”

“றோட்டுக் கந்தோர்க்காரர் ஒருக்கா ஆள் விட்டு, கடக்கிறவையை எண்ணியிருக்கினம்.” பிரியந்தன் கந்தோர் அனுப்பிய கோப்பைப் புரட்டினான். “எட்டு மணித்தியாலத்தில மூண்டே மூண்டு பேர். லைற் போட அது காணாதெண்டு விட்டிட்டினம்.”

“பச்சைப் பொய். எண்ணினவன்தான் கொலைகாரன். அவனைப் பிடியுங்கோ.”

“ஆளின்ர படமும் இருக்கு.”

மஞ்சள் ஜக்கெற். மடக்குக் கதிரை. கையில் அட்டை.

வேரோனிக்கா படத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

“என்ன அன்ரி, ஆளைத் தெரியுமோ?”

“ஓம்... அவன் பொய் எழுதேல்லை.”

“பிறகு?”

“கடக்கிறவைக்குத் தண்ட ரிக்கெற் எழுத வந்தவன் எண்டு நினைச்சிட்டன். ‘இண்டைக்கு ஒருத்தரும் கடக்காதேங்கோ, சுத்திப் போங்கோ’ எண்டு பில்டிங் வட்ஸ்அப்பில போட்டது... நான்தான்.”

பிரியந்தன் கோப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

“எங்களை எண்ணவெண்டு ஆர் தம்பி வந்தவை? பிடிக்கத்தானே வாறவை.”

அவள் கண்ணைத் துடைத்தாள்.

“அந்த வெள்ளையளின்ர தெருவுகளில எத்தினை பேரை எண்ணிப்போட்டு லைற் போட்டவை?”

அவன் கோப்பின் கடைசிப் பக்கம் வரை தேடினான்.

“எண்ணேல்லை, அன்ரி. ஒராள் கடிதம் போட்டுக் கேட்டவராம்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

வேரோனிக்கா கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப எங்கட கடிதத்தையும் எழுதுங்கோ. பிழை அன்ரனெற்றில இல்லை. எங்களுக்கு அதில ஒரு லைற் வேணும். திரும்ப எண்ணிப் பாக்கோணுமெண்டா வரட்டும், நானூறு பேரையும் நிரையில விடுறன்... விடியவே வரச் சொல்லுங்கோ, எண்ணியெண்ணி அவன்ர கைதான் நோகும்.”